தாடை மூட்டு வலிக்கு ஆறு பல்லைச் சீவச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

#1 கவின்மொழி

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள். இன்றுதான் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் வலது காதுக்கு முன்னால் வலி ஆரம்பித்தது. கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று சத்தம். கடந்த மூன்று வாரமாகக் காலையில் வாய் பாதிதான் திறக்கிறது. இரண்டு விரல் நுழைகிறது, மூன்றாவது நுழைய மாட்டேன் என்கிறது. காதில்தான் ஏதோ என்று காது மருத்துவரிடம் போனேன். காது சுத்தமாக இருக்கிறது, பல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பல் மருத்துவர் நீலக் காகிதம் ஒன்றைப் பல்லுக்கு நடுவில் வைத்து, டக்டக்கென்று கடிக்கச் சொன்னார். வலப்பக்கக் கடைவாயில் இரண்டு இடத்தில் அடர்ந்த நீலப் புள்ளி. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். “இங்கேதான் முதலில் முட்டுகிறது. அதைத் தவிர்க்கப் பார்த்துத் தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், சரியில்லை, அதனால் மூட்டு கெட்டுப்போகிறது” என்றார். ஆறு பல்லின் மேல்பரப்பைச் சீவி மட்டப்படுத்த வேண்டுமாம். அப்படியும் அடங்காவிட்டால் நாலு கடைவாய்ப் பல்லுக்குக் கிரௌன், அதாவது பல்லை மூடும் செயற்கை உறை.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. கதவு நிலையில் இடித்தால் கீல் ஆடிப்போகும் இல்லையா? வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. இந்தப் பற்கள் பதினைந்து வருஷமாக இப்படியேதான் இருக்கின்றன. அப்போதெல்லாம் வராத வலி இப்போது ஏன் வந்தது?

அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார். போகட்டுமா, வேண்டாமா?

#2 சுத்தியல்

போங்க சகோ, யோசிக்காதீங்க. எனக்கு இதே வலி, இதே பக்கம். நாலு மாசம் மாத்திரையா முழுங்கினேன். கடைசியில் ஒருத்தர் கடைவாய்ப் பல்லில் ஒரு இடத்தை ரெண்டே நிமிஷம் சீவினார். மூணாவது நாள் வலி போன இடம் தெரியலை. நான் இயந்திரம் பார்க்கிற ஆள். அச்சு ஒரு நூல் விலகினாலும் பேரிங் தேயும். வாயும் இயந்திரம்தானே?

#3 கேள்விக்குறி

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். இந்த வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மருத்துவரிடம் ஓடுவார்கள். அதன் பிறகு எதைச் செய்தாலும் குறைகிற மாதிரித்தான் தெரியும்.

#4 மூன்றாம்பல்

கவின்மொழி, தயவுசெய்து அடுத்த வாரத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை, தள்ளிப் போடுங்கள். பதினான்கு மாதத்தில் மூன்று முறை சீவிக்கொண்டவன் சொல்கிறேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

#5 பல்வைத்தியன்

பல் மருத்துவன்தான். கடந்த சில வருடங்களாக முக வலி, தாடை மூட்டு நோயாளிகளை மட்டும் பார்க்கிறேன். ஆளைப் பார்க்காமல் இணையத்தில் நோய் சொல்ல மாட்டேன். ஆனால் “கடி கோணல், அதனால் மூட்டு நோய்” என்ற வாதம் எங்கிருந்து வந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதடைப்பு, காது இரைச்சல், தலைவலி, தாடை வலி எல்லாம் சேர்ந்து வந்தவர்கள். பின்பற்கள் விழுந்துபோனதால் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலேறி மூடிக்கொள்கிறது, மூட்டின் தலை பின்னால் போய் நரம்பையும் காதுக் குழாயையும் அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். அந்த உடற்கூறு விளக்கம் சில வருடங்களிலேயே அடிபட்டுப் போனது. நரம்பு ஓடும் இடமும் மூட்டின் தலை போகும் இடமும் அவர் சொன்னபடி பொருந்தவில்லை. ஆனால் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது: காதுக்கு முன்னால் வலித்தால் பல்லைப் பார். அன்றுமுதல் இந்த நோய் பல் மருத்துவர்கள் கைக்கு வந்தது. எங்கள் கையில் இருந்த கருவி பல்லைச் சீவுகிற கருவி. மீதியைச் சொல்லவும் வேண்டுமா?

1961-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ராம்ஃபியோர்ட் என்ற பல் ஆய்வாளர், தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து, பல்லில் இடிக்கும் இடங்கள்தான் பல் நறநறப்பைத் தூண்டுகின்றன, அவற்றைச் சீவினால் அடங்கும் என்று எழுதினார். ஒரு தலைமுறை பல் மருத்துவர்கள் அதைப் படித்து வளர்ந்தார்கள். நான் படித்தபோதும் அதன் வாடை வகுப்பறையில் இருந்தது.

பிறகு 1976-இல் ஒரு சோதனை. குட்மன், கிரீன், லாஸ்கின் மூவரும் செய்தது. தாடைத் தசை வலியோடு வந்த 25 பேருக்குக் கடியைச் சரிசெய்வதாகச் சொல்லி, சரிசெய்வதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். அப்படி இரண்டு தடவை. பல்லின் கடி துளிகூட மாறவில்லை. 16 பேருக்கு வலி முழுக்கவோ ஏறத்தாழ முழுக்கவோ போய்விட்டது.

திரு. சுத்தியல், உங்களைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. வலி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பக்கம் புதிதாக அடைப்போ கிரௌனோ வைத்தார்களா?

#6 சுத்தியல்



டாக்டர், பாவனையா சீவினால் பாவனையாத்தான் குணமாகும். எனக்கு ரெண்டு வருஷமாச்சு, வலி திரும்பலை. அதுக்கு என்ன சொல்றீங்க?

கேள்விக்குப் பதில்: ஆமா, கிரௌன் வெச்சாங்க. ஏன்?

#7 பல்வைத்தியன்

எத்தனை நாளில் வலி வந்தது?

#8 சுத்தியல்

ரெண்டு மூணு நாளில். மரத்துப்போற ஊசி இறங்கினதுமே அந்தப் பல் கொஞ்சம் உயரமா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. பழகிடும்னு சொன்னாங்க.

#9 பல்வைத்தியன்

அப்படியென்றால் உங்களுக்குச் சீவியது சரியான சிகிச்சை. வலியும் உண்மையாகவே அதனால்தான் போனது. உங்கள் கிரௌன் உயரமாக இருந்தது. வாய் மரத்துப்போன நிலையில், மல்லாந்து படுத்துக்கொண்டு கடிக்கச் சொன்னால் கடி சரியாகப் பதியாது. இது அன்றாடம் நடக்கும் தவறு, என் கையிலும் நடந்திருக்கிறது. பல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் உணர்விகள் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். நேற்றுவரை இல்லாத உயரம் இன்று வந்தால் பல் வலிக்கும், தசையும் பிடித்துக்கொள்ளும். மருத்துவர் வைத்ததை மருத்துவரே சீவி எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சீவப்படுவது கிரௌன், உங்கள் சொந்தப் பல் அல்ல.

கவின்மொழியின் கதை வேறு. பதினைந்து வருடமாக ஒரே பற்கள், பல்லில் புது வேலை எதுவும் செய்யவில்லை, வலி ஐந்து மாதமாக. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

#10 கேள்விக்குறி

இடிக்கும் இடத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்த சோதனையும் இருக்கிறது. 2005-இல் இத்தாலியில் மிக்கெலொட்டி குழுவினர், தாடைப் பிரச்சினை இல்லாத 11 இளம்பெண்களின் பல்லில் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டினார்கள். ஒரு கட்டத்தில் கடி இடிக்கும் இடத்தில், இன்னொரு கட்டத்தில் இடிக்காத இடத்தில். இடித்தபோது தாடைத் தசையின் இயக்கம் கூடவில்லை, குறைந்தது. பல்லை மோதவிடாமல் தவிர்த்தார்கள் போல. யாருக்கும் மூட்டு நோய் வரவில்லை. ராம்ஃபியோர்ட் சொன்னதற்கு நேர் எதிர்.

#11 சுத்தியல்

11 பேரு, சில நாள். இதை வெச்சு எப்படிங்க முடிவு கட்டறது? எனக்கு நாலு மாசம் இருந்துதே.

#12 பல்வைத்தியன்

நல்ல கேள்வி. பின்லாந்தில் லே பெல் குழு செய்த சோதனை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அங்கே ஏற்கெனவே தாடை மூட்டுத் தொந்தரவு இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று இரு சாராருக்கும் செயற்கை இடிப்பை வைத்தார்கள். தொந்தரவே இல்லாதிருந்தவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். முன்பே வலி இருந்தவர்களால் அவ்வளவு எளிதில் சமாளிக்க முடியவில்லை. ஆக, ஒரே இடிப்பு ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருவரைப் படுத்தும். வித்தியாசம் பல்லில் இல்லை, ஆளில் இருக்கிறது.

ஆளில் என்ன என்று தேடியவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஒப்பேரா என்ற ஆய்வில், தாடை மூட்டு வலி இல்லாத 2,737 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக்கு நூற்றில் ஏறத்தாழ நான்கு பேருக்குப் புதிதாக வந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், உடம்பில் வேறு வலிகளும் உபாதைகளும் ஏற்கெனவே இருந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள் முன்னால் நின்றார்கள்.

#13 அலைநீளம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 14 வயது. வாய் திறந்தால் ‘டக்’ சத்தம், வலி கிடையாது. பல்லுக்குக் கம்பி போட்டால்தான் பிற்காலத்தில் மூட்டு கெடாது என்கிறார்கள். உண்மையா?

#14 பல்வைத்தியன்

பல் வரிசைக்காகவோ தோற்றத்துக்காகவோ கம்பி போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். மூட்டைக் காப்பாற்றுவதற்காக என்றால் வேண்டாம். கம்பி போடுவது மூட்டு நோயை உண்டாக்குவதுமில்லை, தடுப்பதுமில்லை. 1987-இல் மிச்சிகனில் ஒரு நோயாளி, பல் சீரமைப்பு செய்ததால்தான் தாடை மூட்டு கெட்டது என்று வழக்குப் போட்டார். நடுவர்கள் 8,50,000 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ந்துபோன பல் சீரமைப்பு நிபுணர்கள் அதன் பிறகுதான் முறையாக ஆய்வு செய்யத் தொடங்கினார்கள். ஒரு வழக்கு செய்த நன்மை! வந்த முடிவு இருபுறமும் வெட்டியது. பழியும் இல்லை, பெருமையும் இல்லை.

வலி இல்லாத ‘டக்’ சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. மூட்டுக்குள் ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது இடத்தில் உட்காரும் சத்தம் அது. எந்த வலியும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலே மூன்றில் ஒருவர் அளவுக்குத் தட்டு நழுவியிருப்பதைக் காணலாம். வாய் பூட்டிக்கொண்டால், வலி வந்தால் அப்போது காட்டுங்கள். நண்பர்களுக்கு முன்னால் வேடிக்கை காட்டச் சத்தம் எழுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அந்த வயதில் செய்வார்கள்.

#15 மூன்றாம்பல்

சொன்னபடி எழுதுகிறேன்.

எனக்கும் வலப்பக்க வலிதான். முதல் முறை சீவியதும் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு இடப்பக்கம் முதலில் முட்டுவதாகத் தோன்றியது. இரண்டாம் முறை இடப்பக்கம் சீவினார்கள். அடுத்து முன்பல் இடித்தது. மூன்றாம் முறை, வேறு மருத்துவர். அதன் பிறகு எந்த நேரமும் எந்தப் பல் எங்கே படுகிறது என்பதே என் நினைப்பு. நாக்கு தானாக அந்த இடத்தைத் தேடிப் போகும். பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பல்லைச் சேர்த்துப் பார்ப்பேன். நள்ளிரவில் எழுந்து டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி வைத்திருந்தேன். அதில் என் பல்லின் பிளாஸ்டர் அச்சுகள் ஐந்து ஜோடி, நீலக் காகிதம், தேதி போட்ட புகைப்படங்கள். புது மருத்துவரிடம் போகும்போதெல்லாம் பெட்டியோடு போவேன்.

ஐந்தாவது மருத்துவர் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. “அதை அப்புறம் பார்ப்போம், தூக்கம் எப்படி?” என்று கேட்டார். அப்போது எனக்கு வந்த கோபம்! இப்போது யோசித்தால் முதல் சரியான கேள்வி அதுதான்.

ஒருமுறை சீவிய பல் எனாமல் திரும்ப வளராது. எனக்கு இது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

#16 பல்வைத்தியன்

மூன்றாம்பல், எழுதியதற்கு நன்றி. எளிதாக இருந்திருக்காது.

மற்றவர்களுக்காக: இவர் சொல்வதற்குப் பெயர் உண்டு. 1976-இல் மார்பக் என்பவர் இதைப் ‘பேய்க் கடி’ என்ற பொருளில் விவரித்தார். கடியில் அளந்து காட்டக்கூடிய கோளாறு இருக்காது, ஆனால் மூளை பல்லைக் கண்காணிப்பதை நிறுத்தாது. கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள், உணர்வு உண்மை. கடியில் மேலும் கை வைப்பதுதான் அதைத் தீவிரமாக்கும். பெட்டியோடு வருபவர்களைப் பார்த்தாலே என் போன்றவர்களுக்குப் புரிந்துவிடும். கசப்பான விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டியில் பாதியை நிரப்பியது எங்கள் தொழில்தான்.

#17 சுத்தியல்

அப்போ கடிக்கும் மூட்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு முடிவா? முன்பல் மூடாம திறந்தே இருக்கிறவங்க, மேல்பல் ரொம்ப முன்னால் துருத்தினவங்க, இவங்களுக்கு மூட்டு நோய் அதிகம்னு நானும் படிச்சிருக்கேனே.

#18 பல்வைத்தியன்

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1993-இல் புல்லிஞ்சர், செலிக்மன், கார்ன்பைன் மூவரும் பல கடி அம்சங்களை ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. எஞ்சியவை சில: முன்பல் திறந்த கடி, மேல்பல் 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நிற்பது, ஒரு பக்கம் மட்டும் குறுக்குக் கடி (மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுவது), ஐந்தோ அதற்கு மேலோ பின்பற்கள் இல்லாதது, தாடையைப் பின்னிறுத்தி மூடும்போதும் இயல்பாகக் கடிக்கும்போதும் உள்ள தூரம் மிக அதிகமாக இருப்பது. இவை எல்லாம் சேர்ந்தும் நோயாளிக்கும் நோயற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு சிறு பங்கைத்தான் விளக்கின. 2017-இல் மன்ஃப்ரெதினி குழு, கடிக்கும் மூட்டு நோய்க்கும் தொடர்பு தேடிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஒரு யுகம் முடிந்ததா என்று தலைப்பிலேயே கேட்டது.

அதைவிட முக்கியமானது, திறந்த கடியும் துருத்தலும் பல நேரங்களில் காரணம் அல்ல, விளைவு. மூட்டுவாதத்தால் தாடை எலும்பின் தலை தேய்கிறது என்று வையுங்கள். பின்பக்கம் உயரம் குறையும். கீழ்த்தாடை பின்பற்களில் ஊன்றிக்கொண்டு சுழலும், முன்பற்கள் பிரியும். பார்ப்பவர் “திறந்த கடி, அதனால் மூட்டு நோய்” என்பார். நடந்தது தலைகீழ். இதற்கு மாறாக, மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் அந்தப் பக்கத் தாடை கீழே இறங்கி, அதே பக்கப் பின்பற்கள் சேராது. வெளிப்பக்கத் தாடை இழுப்புத் தசை பிடித்துக்கொண்டாலும் கீழ்த்தாடை மறுபக்கமாக நகர்ந்து கடி மாறும். கவின்மொழிக்கும் இதனால் நீலப்புள்ளி இடம் மாறியிருக்கலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்த இயந்திர ஒப்புமையையும் கொஞ்சம் ஆறப்போடுவோம். கதவுக் கீல் ஒரே இடத்தில் சுழலும். தாடை மூட்டு முதலில் சுழல்கிறது, பிறகு குழியை விட்டு முன்னால் வழுக்குகிறது. இரண்டு மூட்டு, நடுவில் ஒரே எலும்பு. ஒரு பக்கம் மட்டும் அசைய வழியே இல்லை. மேலும் உங்கள் இயந்திரம் ஓடும்போதெல்லாம் பல்சக்கரம் பல்சக்கரத்தோடு பிணைந்திருக்கும். மனிதனின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு நாளில் தொட்டுக்கொள்வது, மெல்லுவதும் விழுங்குவதும் சேர்த்து, கூட்டிப் பார்த்தால் சுமார் இருபது நிமிடம். மற்ற நேரம் இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, இப்போது உங்கள் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா?

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு தமாஷ். தாடையின் ‘சரியான மைய நிலை’ என்று ஒன்று சொல்வோம், அதை வைத்துத்தான் கடியை அமைப்போம். முன்பெல்லாம் எலும்பின் தலை குழிக்குள் முடிந்த மட்டும் பின்னால் இருப்பது என்று வரையறை. 1987-இல் எங்கள் கலைச்சொல் அகராதி அதை முன்னும் மேலுமாக மாற்றியது. உலகத்தில் எவருடைய தாடையும் அன்று நகரவில்லை.

#19 கவின்மொழி

டாக்டர், உங்கள் பதிவைப் படித்தபோது என் பல் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அதுவும் அழுத்தமாக.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நீலக் காகிதம் ஒரு கட்டு வாங்கி, காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கடித்துப் புகைப்படம் எடுத்தேன். நாலு நாளில் காலையில் வலப்பக்கம், மாலையில் இடப்பக்கம், ஒருநாள் இரண்டு பக்கமும். எதைச் சீவுவது? மருத்துவர் காலை வேளையில் பார்த்ததால் வலப்பக்கம் என்றார். மாலையில் போயிருந்தால்?

தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டேன். மூன்றாம்பல், உங்களுக்குத்தான் நன்றி.

#20 மூன்றாம்பல்

நாலு நாள் போதும். ஐந்தாவது நாள் எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

#21 தசைநார்

இயன்முறை மருத்துவர். தசைகளைப் பற்றி யாரும் பேசாததால் வந்தேன். கவின்மொழி, ஒரு விரலால் கன்னத்தில், கடிக்கும்போது புடைக்கும் தசையைத் தடவி, நடுவில் கட்டிபோல் இருக்கும் இடத்தை ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள். வலி எங்கே போகிறது?

#22 கவின்மொழி

மேல் கடைவாய்ப் பல்லுக்குப் போகிறது! அச்சு அசல் அந்த வலி. இதே பல்லைத்தான் வேர் சிகிச்சை செய்யலாமா என்று யோசித்தார்கள்.

#23 தசைநார்

நினைத்தேன். தசை வலி பல்லில் தெரியும், பல்லில் ஒன்றும் இருக்காது. காதிலும் அப்படித்தான் தெரியும். கீழே சொல்வதைச் செய்யுங்கள், நேரில் ஒருவர் பரிசோதித்த பிறகு.

உதடு மூடியிருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் மெதுவாக ஒட்டியிருக்கட்டும். இதுதான் அடிப்படை, மற்றதெல்லாம் அப்புறம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக்கொடுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணி பத்து நிமிடம். சில வாரம் கடினமானதைக் கடிக்க வேண்டாம். நாக்கு அண்ணத்தை விட்டு விலகாமல் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு, மெதுவாக, ஒரு தடவைக்கு ஆறு முறை. கண்ணாடியில் பார்த்து, நேராகத் திறக்கிறதா என்று கவனியுங்கள். வலிக்கும் இடம்வரை தள்ளாதீர்கள்.

வேலையில் இருக்கும்போது பல் சேர்ந்திருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. திரையின் ஓரத்தில் சின்ன ஒட்டி ஒன்றை ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ‘ம்’ என்று சொல்லித் தளர்த்துங்கள்.

#24 கேள்விக்குறி

இரவில் போடும் பல் கவசம்?

#25 பல்வைத்தியன்

போடலாம். எல்லாப் பல்லையும் மூடும் கெட்டியான கவசம், இரவில் மட்டும். பல் தேய்வதைத் தடுக்கும், சிலருக்கு வலி குறையும். பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம், அதுதான் அதன் பெரிய குணம். நாள் முழுக்கப் போடுவது, பின்பல்லை மட்டும் மூடும் கவசத்தை மாதக்கணக்கில் போடுவது, இவை உண்மையாகவே கடியை மாற்றிவிடும். “கவசம் போட்டதும் வலி குறைந்தது, ஆகவே கடிதான் காரணம், இனி அந்த உயரத்துக்கே எல்லாப் பல்லுக்கும் கிரௌன்” என்று அடுத்த படிக்கு அழைத்தால், எழுந்து வந்துவிடுங்கள். தலைவலி மாத்திரையில் போனதால் உடம்பில் மாத்திரைக் குறைபாடு இருந்தது என்று யாராவது சொல்வார்களா?

கடியைச் சீவுவது மூட்டு நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2003-இலேயே, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. திரும்பப் பெற முடியாத எதையும் முதலில் செய்யாதே என்பதுதான் இன்றைய நடைமுறை.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கும் மூத்தவர்களுக்கு. ஐம்பது வயதுக்கு மேல், மெல்லும்போது தாடை களைத்து வலித்து, நெற்றிப்பொட்டில் புதுத் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் பல் மருத்துவரைத் தேட வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தமனி அழற்சியாக இருந்தால் பார்வை போய்விடும். நடந்தால் தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்கினால் இதயத்தைப் பாருங்கள்.

#26 சுத்தியல்

நான் #2-ல் யோசிக்காதீங்கன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன் சகோ. என் விஷயம் வேற, உங்க விஷயம் வேறன்னு இப்போ புரியுது. ஆனா எனக்கு இன்னமும் ஒண்ணு ஒப்பலை. பழைய பல்லே ஆனாலும், ஒரே இடத்தில் வருஷக்கணக்கா இடிச்சா ஒண்ணுமே ஆகாதுன்னு எப்படி அடிச்சுச் சொல்ல முடியும்?

#27 பல்வைத்தியன்

அடித்துச் சொல்லவில்லை. பல் தேயும், ஆடும், விரிசல் விடும். அதற்காகச் சரிசெய்ய வேண்டியும் வரலாம். மூட்டு நோய்க்காகச் சீவாதே என்பதோடு என் வாதம் நிற்கிறது.

#28 கவின்மொழி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், வேலை.

வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். காகிதத்தை எடுக்கவே இல்லை. அளவுகோலை முன்பற்களுக்கு நடுவில் வைத்தார்: 29 மில்லிமீட்டர். இரண்டு கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் அழுத்தி, “இது உங்களுக்குப் பழக்கமான வலியா?” என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார். தசை வலி, கூடவே தட்டு நழுவல் என்றார். இரவுக் கவசம் ஒன்று, தசைநார் சொன்ன அதே பயிற்சிகள்.

நீல ஒட்டி ஒட்டினேன். முதல் நாள் இருபது தடவை பார்த்ததில் பதினேழு தடவை பல் கடித்தபடி இருந்தேன். பதிவில் குரல் தெளிவாக இல்லாத இடங்களில்தான் அதிகம், காதைக் கூர்மையாக்கும்போது தாடையும் கூடவே இறுகுகிறது போல. இதைக் கவனித்த பிறகு ஹெட்போன் ஒலியைக் கூட்டி வைத்தேன். சிரிப்பாக இருக்கிறது, அதுவே பாதி வேலை செய்தது. வலி தொடங்கிய சமயத்தில் என்ன மாறியது என்றும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் ஒலித்தரம் மோசமான பதிவுகளாகவே வரத் தொடங்கின.

இப்போது 41 மில்லிமீட்டர் திறக்கிறது. வலி பத்துக்கு ஏழாக இருந்தது, இப்போது இரண்டு. சில நாள் நாலு. ‘டக்’ சத்தம் அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். போன வாரம் மருத்துவரே காகிதம் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புள்ளி. யாரும் எந்தப் பல்லையும் தொடவில்லை.

மூன்றாம்பல், ஐந்தாவது நாள் நான் எடுக்கவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

#29 மூன்றாம்பல்

பரவாயில்லை. கண்ணாடியில் பல்லைப் பார்த்து ஒன்பது நாள் ஆகிறது. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. ஏணியை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.